கேட்டைத் தாண்டும் உரிமை

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில், ஜன்னலை அடைத்துச் சுவரெழுப்பிய ஒரு சின்ன அறையில் மாமியார் இருந்தாள். மாமியார் என்றால் ஆள் இல்லை, சர்வர். கம்பெனியில் யார் என்ன வேலை எடுத்தார்கள், எதுவரை முடித்தார்கள், எந்த வரியை யார் மாற்றினார்கள், எந்தத் தப்பைச் சரிசெய்யாமல் யார் காலாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, காலையில் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவரையும் குடைவாள். அதனால் அந்தப் பேர். வைத்தது முதலாளியான அண்ணன்தான். தெருவில் தார் இளகி செருப்பில் ஒட்டிய அந்தக் கோடையில், வீட்டில் ஏசி மாமியாருக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவர்களுக்கு ஃபேன். அது சூட்டைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தது.

அறைக்கு வெளியே கூடம். கூடத்தில் மேஜைகள், கம்ப்யூட்டர்கள், காலை வாரும் வயர்கள். சுவரில் பெரிய திரை. அதற்கு மேலே, ஆம்புலன்ஸில் இருப்பதைப் போல ஒரு சுற்றும் விளக்கு. அதன் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் நீல நிற நெட்வொர்க் வயர் ஒன்று சுருட்டி மாட்டியிருந்தது.

ஒருவர் எழுதிய கோட், அதாவது புரோகிராம் வரிகள், மற்றவர்களுடையதோடு சேரும்போது மொத்த சாஃப்ட்வேரும் ஒழுங்காகக் கூடி வர வேண்டும். வராவிட்டால் பில்டு உடைந்தது என்பார்கள். உடைந்தால் விளக்கு சுற்றும், உடைத்தவர் பேர் திரையில் வரும். கம்பெனி ஆரம்பித்த புதிதில் அது ஒரு கூத்து. உடைத்தவன் நடுக்கூடத்தில் வந்து நிற்க வேண்டும், எல்லாரும் தலையில் ஆளுக்கொரு குட்டு வைப்பார்கள், அவன் எல்லாருக்கும் டீ வாங்கித் தருவான். குட்டு எப்போது ஸ்கேலாக மாறியது, ஸ்கேல் எப்போது நீல வயராக மாறியது என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் எல்லாரும் கவனித்திருந்தார்கள். மற்றவர்களின் கைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ள, கடைசியில் அண்ணன் கை மட்டும் மிஞ்சியது. வேலைக்கு வந்தவர்களில் ஒருத்தன் உடைந்த பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனான். இன்னொருத்தன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவன், போனவன்தான். அண்ணன் கண் ஒரு தரம் ஆணிப் பக்கம் போய்த் திரும்பினால் யாருக்கோ இருக்கிறது என்று அர்த்தம். மிச்சமிருந்தது நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு புரோகிராமர், டெஸ்ட் பார்க்கும் தங்கை, அவள் வீட்டுக்காரர், அவ்வளவுதான். அண்ணி மாடியில் சமைத்துக்கொண்டே வாடிக்கையாளர்களோடு போனில் பேசுவாள்.

அன்றைக்கு விளக்கு சுற்றியபோது மத்தியானம். ரொட்டியைச் சூப்பில் நனைத்துத் தின்றுகொண்டே எல்லாரும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. திரையில் தங்கை வீட்டுக்காரரின் பேர்.

"மாப்ள, எந்திரிங்க. நடுவுல வாங்க," என்றார் அண்ணன்.

"மச்சான், பால் கம்பெனியிலேருந்து இப்பப் போன் வரும். அதை முடிச்சிட்டு..."

"அந்தப் போனுக்காகத்தான் சொல்றேன். உடைஞ்ச பில்டை மடியில வெச்சிக்கிட்டு அவங்ககிட்ட என்னத்தைப் பேசுறது? கண்ணாடியைக் கழட்டுங்க."

"மச்சான், நான் போட்டது சின்ன மாத்தம். அதுல உடையறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"மாமியார் பொய் சொல்லமாட்டா."

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, கீபோர்டின் பக்கத்தில் வைத்தார். நடுவில் வந்து திரும்பி நின்றார். முதல் அடி தோளில் விழுந்தது. வயரின் முனையில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், கம்ப்யூட்டரில் சொருகுகிற பக்கம். அது சட்டையைத் தாண்டித் தோலைக் கொத்தியது. அடுத்ததும் அதே இடத்தில். அண்ணன் அடிக்கும்போது பல்லைக் கடிக்கமாட்டார், கத்தமாட்டார். துணி துவைக்கிற மாதிரி, வேலையில் கவனமாக, மூச்சை அளந்து அளந்து அடிப்பார். ஓர் அடி தவறிக் காதுக்குக் கீழே விழுந்து ரத்தம் காலருக்குள் இறங்கியது. நெட்டை தன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தங்கை எழுந்தாள்.

"போதுண்ணா."

"நீ உக்காரு பாப்பா. இது ஆபீஸு," என்றார் அண்ணன். இன்னும் இரண்டு வைத்துவிட்டு வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். சூப்பு ஆறியிருந்தது. அண்ணியைக் கூப்பிட்டுச் சூடாக்கி எடுத்துவரச் சொன்னார்.

மாடியில் தங்கையும் வீட்டுக்காரரும் இருந்த அறையின் கூரை தகரம். உள்ளே போனால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் குப்புறப் படுத்திருக்க, அவள் களிம்பு தடவினாள். பழைய தழும்புகள் கறுத்தும், போன வாரத்தவை மஞ்சள் பூத்தும், இன்றையவை வீங்கியும் முதுகு முழுக்கக் கோடு போட்டிருந்தன.

"எரியுதா?"

"நீ ஊதாத. ஊதினாதான் எரியுது."

"இன்னிக்கு உடைச்சது நீங்க இல்ல. பழசை ஒவ்வொண்ணா எடுத்து டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன். காலையில அண்ணன் கேட்டைத் தாண்டிப் போட்டிருக்காரு. அதுலயே உடைஞ்சிருக்கு."

கேட் என்று அவள் சொன்னது மாமியாரின் வாசலை. எவர் கோட் போட்டாலும் மாமியார் அதை வாசலிலேயே நிறுத்தி, மற்றவர்களுடையதோடு சேர்த்துக் கட்டிப் பார்த்து, நன்றாயிருந்தால்தான் உள்ளே விடுவாள். அண்ணனுக்கு மட்டும் அந்தக் கேட்டைத் தாண்டிப் போகும் உரிமை இருந்தது. அவசரத்தில் ஒரு டிக் போட்டுவிட்டுச் சோதனையில்லாமல் உள்ளே தள்ளிவிடுவார். தப்பு உள்ளே போய்க் கமுக்கமாக உட்கார்ந்திருக்கும். அடுத்து யார் யோக்கியமாகக் கேட் வழியாக வருகிறார்களோ அவர்கள் தலையில் விடியும். அதிகமாக எழுதுகிறவர் வீட்டுக்காரர். அதனால் அதிகமாக விடிந்ததும் அவருக்குத்தான்.

"தெரியும்," என்றார் வீட்டுக்காரர், தலையணைக்குள்ளிருந்து.

"தெரியுமா? எப்பலேருந்து?"

"முதல் தடவையிலேருந்து."

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிறீங்க?"

"வாயைத் திறந்தா உங்க அண்ணன் ஒத்துக்குவாரா? ஒத்துக்கமாட்டாரு. அப்ப நான் எதிர்த்து நிக்கணும். நின்னா நல்லா இருக்காது."

"என்ன நல்லா இருக்காது?"

"விடு. என் கை எனக்குத் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கையையும் அவளுக்குத் தெரியும். டீயில் எறும்பு விழுந்தால் விரல் நுனியில் எடுத்து, ஜன்னல் கட்டையில் விட்டு, அது நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீயைக் குடிக்கும் கை.

"போயிடலாங்க. எங்கயாவது ஒரு ரூம் எடுத்துக்கலாம். உங்களுக்கு வேலையா கிடைக்காது?"

"பால் கம்பெனி வேலை முடியட்டும். முக்கால்வாசி நான் எழுதினது. பாட்டில் நிரப்புற மெஷினுக்கு நான்தான் மூளை வெச்சேன். பாதியில விட்டுட்டு ஓடுறதா? முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடலாம், சத்தியமா."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த மனுஷனை, இவர் இப்படி இருக்கும்போதே, அந்தக் கூடத்திலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அதுவரை அந்த வயர் ஆணியிலேயே தொங்க வேண்டும்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் அவள் அண்ணனிடம் பேச்செடுத்தாள். அவர்மேல் அவளுக்குப் பயம் கிடையாது. அப்பா அம்மா போன பிறகு தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டவர் அவர். கிடங்கில் மூட்டை தூக்கி, மேஸ்திரியிடம் அறை வாங்கி, வீங்கின உதட்டோடு வந்து அவளுக்குச் சோறு போட்டவர். அவள்மேல் ஒரு விரல் பட்டதில்லை. இப்போதும் தன் தட்டிலிருந்த முட்டையைப் பாதி பிய்த்து அவள் தட்டில் வைத்தார்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன். கோபப்படக் கூடாது."

"உன்மேல எனக்கு என்னைக்குக் கோபம் வந்திருக்கு? சொல்லு பாப்பா."

"நேத்து உடைஞ்சது உங்க கோட். நீங்க கேட்டைத் தாண்டிப் போட்டீங்க. அவர் பேருல மாட்டிக்கிச்சு."

அண்ணன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "யார் சொன்னா? மாப்ளயா?"

"நானே பார்த்தேன். நான்தானே டெஸ்ட் பார்க்கிறேன்."

"திரையில என் பேர் வந்துச்சா?"

"கேட்டைத் தாண்டினா எப்படிண்ணா பேர் வரும்?"

"வரல இல்ல? அப்ப முடிஞ்சுது. என் கம்பெனி, என் மாமியார், நான் தாண்டுவேன். நான் அடி வாங்காம இந்த நிலைக்கு வந்தேன்னு நினைக்கிறியா? அடிச்சுத்தான் என்னை ஆளாக்கினாங்க. அடி இல்லேன்னா இங்க ஒரு பில்டு நிக்காது."

"ஆனாலும் தப்பு..."

தட்டு பறந்தது. அவள் பக்கமாக இல்லை. அண்ணி டீக் கெட்டிலோடு நின்ற பக்கம். தட்டு அவள் புருவத்தில் பட்டுச் சுவரில் மோதி உடைந்தது. மஞ்சள் கரு சுவரில் வழிந்தது, ரத்தம் கண்ணில் வழிந்தது. தங்கைமேல் வரும் கோபமெல்லாம் அண்ணி கணக்கில்தான் எழுதப்படும், அது அந்த வீட்டு வழக்கம். அண்ணன் எழுந்து கை கழுவிவிட்டு, "டீ கீழ வரட்டும்," என்று சொல்லி இறங்கிப் போனார்.

குழாயடியில் புருவத்தைக் கழுவிக்கொண்டே அண்ணி சொன்னாள்: "நீ சொல்றது நியாயம்தான் பாப்பா. சொல்லு, வேண்டாங்கல. அடுத்த தடவை நான் வீட்டுல இல்லாதப்பச் சொல்லு."

வெயில் ஏறிக்கொண்டே போனது. மாமியாரின் ஏசி ஒரு நாள் தண்ணீராகக் கக்கி நின்றுவிட்டது. சர்வருக்குள் இருந்த ஃபேன்கள் ஊளையிட்டன. அறைக் கதவைத் திறந்தால் சுட்ட பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்தது. பால் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து ஏற்றுக்கொள்ளும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் பதறிப்போய்ப் புது மெஷின் வாங்கி வந்தார்.

"பாப்பா, நீயே எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திடு. மாப்ளகிட்ட குடுத்தா மாமியாரைக் கொன்னு புதைச்சுட்டு வந்து நிப்பாரு."

வீடு மாற்றுவதைவிடப் பெரிய வேலை அது. பாத்திரம் பண்டம் மாதிரி அள்ளிப் போட முடியாது. முதலில் எல்லாரையும் வேலையை நிறுத்தச் சொன்னாள். கோட் முழுவதையும், அதன் பழைய வடிவங்களோடு பத்திரமாக நகலெடுத்தாள். வேலை அட்டைகள், தப்புப் பட்டியல், டெஸ்டுகள், அவை ஓடும் கம்ப்யூட்டர்கள், விளக்குக்குப் போகும் வயர், ஒவ்வொன்றையும் புது இடத்தில் பொருத்திச் சரிபார்த்தாள். நெட்டை ஈரத்துணியால் சர்வருக்குப் பக்கத்துச் சுவரைத் துடைத்துக் குளிரவைத்துக்கொண்டிருந்தான். பழைய மாமியார் நகல் முடிகிற வரைக்கும் ஊளையிட்டுவிட்டு அடங்கினாள்.

உரிமைகள் மட்டும் நகலில் வரவில்லை. யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் தொடலாம் என்று ஆளாளுக்கு மறுபடி டிக் போட வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக நின்றது. அண்ணன் பேருக்கு நேரே, கேட்டைத் தாண்டும் உரிமை.

அவள் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவை அண்ணன் பேர் அந்தத் திரையில் வந்தால் போதும் என்று நினைத்தாள். விளக்கு அவருக்காகச் சுற்றட்டும். கூச்சப்படுவார், தலையைச் சொறிவார், யாராவது சிரிப்பார்கள், பழைய நாள் மாதிரி டீ வாங்கித் தருவார். அத்தோடு வயரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடலாம். நியாயம் வந்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று மனப்பால் குடித்தாள். கட்டத்தைக் காலியாகவே விட்டுப் பக்கத்தை மூடினாள்.

பால் கம்பெனிக்காரர்கள் வருவதாக இருந்த காலையில் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார். தலைப்பில் கம்பெனிப் பேர் சின்னதாக இருக்கிறது, பெரிதாக்கிவிடுகிறேன் என்று உட்கார்ந்தவர், பெரிதாக்கியதோடு நிற்காமல் வேறு எதிலோ கைவைத்தார். வழக்கமாக டிக் போடும் இடத்தில் கட்டமே இல்லை என்பதைக்கூடப் பார்க்காமல், பழகின விரலால் தட்டி அனுப்பினார். அனுப்பிவிட்டுத் தலை சீவிக்கொண்டார்.

மாமியார் கேட்டில் நிறுத்திப் பார்த்தாள். விளக்கு சுற்றியது.

அண்ணன் அனிச்சையாக ஆணியைப் பார்த்தார். பிறகுதான் திரையைப் பார்த்தார். அவருடைய பேர் அவ்வளவு பெரிய எழுத்தில் அங்கே வந்ததேயில்லை.

"என்னது இது? பாப்பா, புது மாமியாருக்கு மூளை குழம்பிடுச்சா?" என்று சிரித்தார். நெட்டையும் சிரித்தான். ஒரு நொடி, அவள் நினைத்தபடியே எல்லாம் நடப்பதாக இருந்தது.

வீட்டுக்காரர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, கீபோர்டின் பக்கத்தில் வைத்தார். ஆணியிலிருந்து வயரை எடுத்துப் பிரித்தார்.

"மச்சான், எந்திரிங்க. நடுவுல வாங்க."

"விளையாடாதீங்க மாப்ள. ஆளுங்க வர நேரம்."

"அவங்க வர்றதுக்குத்தான் சொல்றேன். மாமியார் பொய் சொல்லமாட்டா."

"டேய்..." என்று அண்ணன் எழுவதற்குள் முதல் அடி முகத்தில் விழுந்தது. கொக்கி கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அண்ணன் கையைத் தூக்கினார். வயர் மணிக்கட்டில் சுற்றியது. வீட்டுக்காரர் அதைப் பிடித்து இழுக்க, அண்ணன் நாற்காலியோடு சேர்ந்து விழுந்தார். விழுந்தவரை விட்டுவிடுவார் என்றுதான் தங்கை எதிர்பார்த்தாள். வீட்டுக்காரர் ஒரு காலை அவர் முழங்கைமேல் வைத்து அழுத்திக்கொண்டு, வாகாக நின்று அடித்தார். தோளில், காதில், கழுத்தில், முகத்தை மூடிய விரல்களின்மேல். எங்கெங்கே தான் வாங்கினாரோ அங்கங்கே, ஒன்றும் மறக்காமல். அவர் கத்தவில்லை. மூச்சை அளந்து அளந்து அடித்தார். அண்ணன் வாயிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. மேஜை சாய்ந்து, திரை ஒன்று தரையில் விழுந்து நொறுங்கியது. அதன்மேல் புரண்ட அண்ணனின் இஸ்திரிச் சட்டை சிவந்தது.

நெட்டை சுவரோடு ஒட்டி நின்றான். அண்ணி டீத் தட்டோடு படியிறங்கி வந்தவள், கடைசிப் படியில் நின்றாள். தட்டைப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். புருவத்துத் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"போதுங்க. செத்துடுவாருங்க," என்று தங்கை ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். வீட்டுக்காரர் அவளை உதறினார். மறுபடி பிடித்தாள். வயர் திரும்பி வந்து அவள் முன்னங்கையில் விழுந்தது. கை தவறி விழுந்ததாக இருக்கும் என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் அவளை யாரென்று தெரிந்துகொண்டுதான் பார்த்தன.

"நீ உக்காரு. இது ஆபீஸு," என்றார்.

கை மறுபடி மேலே எழுந்தது. தரையிலிருந்து ஏதோ அவள் காலைப் பிடித்து இழுத்தது. அண்ணன். ஒரு கண் மூடிப்போய், ஒரு காதிலிருந்து ரத்தம் கொட்ட, முழங்கையால் நகர்ந்து வந்து அவளைத் தனக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, மேலே கவிழ்ந்துகொண்டார்.

"என்னை அடிடா. பாப்பாவை அடிக்காதடா."

அந்த முதுகிலும் வீட்டுக்காரர் அடித்தார். அவள் அண்ணன் உடம்புக்கு அடியில் கிடந்து ஒவ்வொரு அடியும் அதிர்வதை வாங்கினாள். என் கை எனக்குத் தெரியும் என்று வீட்டுக்காரர் சொன்னதற்கு அன்றைக்கு ஏன் சிரித்தோம் என்று அழுகை முட்டியது. ஒரு வழியாக நெட்டைக்கு உயிர் வந்து, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தான். அதற்குள் வீட்டுக்காரருக்கே கை ஓய்ந்திருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டார் என்று அண்ணி யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். எத்தனையோ தடவை தனக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். ஸ்ட்ரெச்சரில் கிடந்த அண்ணனும் தலையாட்டினார். அந்தக் காது இனிமேல் கேட்காது என்று பிறகு தெரிந்தது.

அண்ணி கூடவே போனாள். தங்கையும் ஏறப் போனாள். "நீ இரு பாப்பா, உன் வீட்டுக்காரரைப் பாரு," என்று அண்ணி கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூடத்தில் விளக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் முகம் கழுவி, சட்டை மாற்றி, அண்ணனின் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் கைவைத்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து அனுப்பினார். மாமியார் பார்த்தாள், விட்டாள். விளக்கு நின்றது. தங்கை கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி, தரையைத் துடைத்து, வாளியில் மூன்றாந்தரம் தண்ணீர் மாற்றும்போது பால் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். திரையில் பாட்டில்கள் வரிசையாக நிரம்புவதைப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள், கை குலுக்கினார்கள், டீ குடித்தார்கள், வெயிலைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

"முடிஞ்சுதுங்க," என்றாள் அவள். முன்னங்கையில் வீக்கம் கயிறுபோலத் தடித்திருந்தது. "முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடலாம்னு சொன்னீங்க. வாங்க, போயிடலாம்."

"இனிமே எதுக்குப் போகணும்?" அவர் குரல் பழைய குரல்தான், சாந்தமான குரல். "உங்க அண்ணனால இப்போதைக்கு முடியாது. யாராவது பார்த்துக்கணும்ல? கை வலிக்குதா? களிம்பு எடுத்துட்டு வரவா?"

அவர் டீயில் ஓர் எறும்பு மிதந்தது. விரல் நுனியில் எடுத்து ஜன்னல் கட்டையில் விட்டார். அது நகர்கிறதா என்று பார்த்தார். பிறகு வயரைத் துடைத்து, சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு செய். அந்தக் கேட்டைத் தாண்டுற டிக் இருக்குல்ல? அதை என் பேருக்குப் போட்டுடு."

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். கட்டம் காலியாக இருந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"போடமாட்டேங்க," என்றாள்.

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். அவர் கண் மட்டும் ஒரு தரம் ஆணிப் பக்கம் போய்த் திரும்பியது.

அவள் எழுந்து, வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள்.